கஸ்டர்ட் எசன்ஸ் ஊத்தினா மருந்து வாடை வருதா? தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கிற வழி

போன வருஷம் நோம்பு நேரத்துல இஃப்தாருக்கு 60 கப் கஸ்டர்ட் கடப்பாசி (அகர் அகர் போட்டு உறைய வைக்கிற இனிப்பு) ஆர்டர் வந்துச்சு. அதுக்கு முந்தின வாரம்தான் பழைய எசன்ஸ் தீர்ந்து புது பாட்டில் வாங்கியிருந்தேன், பழசு மாதிரியே மஞ்ச கலர், பழசு மாதிரியே கஸ்டர்ட்னு பெரிய எழுத்து, ஆனா கீழ பொடி எழுத்துல கான்சன்ட்ரேட்னு, அதாவது பல மடங்கு காரமான வகைன்னு போட்டிருந்ததை நான் பாக்கவே இல்ல. எப்பவும் போல லிட்டருக்கு ஒரு டீஸ்பூன்னு கொதிக்கிற பால்லயே ஊத்தி, கிண்டி, கப்புல ஊத்தி ஆற வச்சு, ஒரு துண்டு வாயில போட்டா அப்படியே இருமல் டானிக். உம்மா ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஒண்ணும் சொல்லாம தண்ணி குடிச்சாங்க. ஆறு லிட்டர் பால் போச்சு. நேரா கடைக்குப் போய் சத்தம் போட்டேன், அவரு பாட்டிலைக் கூட வாங்கிக்காம காசைத் திருப்பிக் குடுத்துட்டாரு.

ரெண்டு வாரம் கழிச்சு அதே பாட்டிலை எடுத்து, பத்துல ஒரு பங்கு அளவு மட்டும், அதுவும் அடுப்பை அணைச்ச பிறகு ஊத்திப் பாத்தேன். அவ்வளவு நல்ல கஸ்டர்ட் மணம் எந்த எசன்ஸ்லயும் எனக்கு அதுவரைக்கும் கிடைச்சதில்ல. காசை எடுத்துட்டுப் போய் கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுத்தேன்.

அதுல இருந்து எந்த எசன்ஸ் வந்தாலும் ஒரு முறையா சோதிச்சுதான் ஆர்டர்ல சேக்குறேன். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி பக்கமெல்லாம் வீட்டுலயே புட்டிங், கேக், ஐஸ்கிரீம் பண்ணி விக்கிற பொம்பளைங்க நிறைய பேர் இருக்கோம், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப கேக்குறாங்க, "எசன்ஸ் நல்லாயில்லையே, என்ன பண்ண"ன்னு. எசன்ஸ் நல்லாயில்லாம இருக்குறது உண்மையாவே கம்மி, நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி அளவு, சூடு, தண்ணி, பிரிட்ஜ் இந்த நாலுல ஒண்ணு.

எது கெட்டுச்சுன்னு பாக்குறதுக்கு முன்னாடி ஒரு சும்மா பால் சோதனை

புட்டிங்ல வச்சு எசன்ஸை மதிப்பிடாதீங்க, அதுல முட்டை இருக்கு, தேங்காப்பால் இருக்கு, கருப்பட்டி இருக்கு, எதோட குணம் எதுல தெரியுதுன்னே புரியாது. 100 மில்லி காய்ச்சி ஆறின பால், 8 கிராம் சீனி, இவ்வளவுதான். இதுமாதிரி நாலு டம்ளர். முதல் டம்ளர்ல எசன்ஸ் கிடையாது. அடுத்த மூணுல 0.1 மில்லி, 0.25 மில்லி, 0.5 மில்லி. பாட்டில்ல கான்சன்ட்ரேட்னு இருந்தா முதல்ல அதை ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு சாப்பாட்டு கிளிசரின்ல கலந்து வச்சுட்டு அந்தக் கலவையை இதே அளவுல ஊத்துங்க (மெடிக்கல்ல தோலுக்குத் தடவுறதுக்கு விக்கிற கிளிசரின் வேண்டவே வேண்டாம், சாப்பாட்டுக்குன்னு எழுதியிருக்கணும்).

சொட்டுக் கணக்கு போடாதீங்க. தண்ணின்னா ஒரு மில்லிக்கு சுமாரா 20 சொட்டு வரும், ஆல்கஹால் கலந்த எசன்ஸ்ல சொட்டு ரொம்ப சின்னது, அதே ஒரு மில்லிக்கு ரெண்டு மடங்குக்கு மேலயே சொட்டு விழும், அப்ப "10 சொட்டு"ங்கிற குறிப்புக்கு அர்த்தமே இல்லாம போயிடுது. மெடிக்கல்ல ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் கேளுங்க, கோடு போட்டிருக்கும். இன்சுலின் சிரிஞ்ச் குடுத்தா கவனம், அதுல 40 யூனிட் ஒரு மில்லின்னு ஒரு வகை, 100 யூனிட் ஒரு மில்லின்னு இன்னொரு வகை, ரெண்டும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும்.

ஊத்தினதும் ஒரு தடவை ருசி பாருங்க, மூடி பிரிட்ஜ்ல வச்சு மறுநாள் காலைல ஒரு தடவை பாருங்க. கஸ்டர்ட், பட்டர்ஸ்காட்ச், கேரமல் மாதிரி இனிப்பு வகை எசன்ஸ் எல்லாம் ராத்திரி முழுக்க இருந்தாதான் பாலோட சேரும், ஊத்தின உடனே முன்னாடி தள்ளிக்கிட்டு வர்ற காரமான வாடை மறுநாள் அடங்கியிருக்கும். காலைல வெறும் வயித்துல, டீ குடிக்கிறதுக்கு முன்னாடி பாத்தா நாக்கு சுத்தமா இருக்கும். ஒரே நேரத்துல நாலஞ்சு எசன்ஸ் மோந்து பாக்காதீங்க, மூணாவதுக்கு மேல மூக்கு மரத்துடும், அப்புறம் எல்லாமே லேசாத்தான் தெரியும், நீங்க இன்னும் ஊத்துவீங்க.

இந்த டம்ளர்ல நல்லா இருந்து புட்டிங்ல நல்லா இல்லைன்னா எசன்ஸ் மேல தப்பில்ல. கீழ இருக்குறதுல உங்க பிரச்சனை எதுன்னு பாருங்க.

"மருந்து வாடை, நாக்குல கசப்பு"

அளவு கூடிப்போச்சு. பத்துக்கு எட்டு தடவை இதேதான். வெனிலா மணத்துக்குக் காரணம் வெனிலின்னு ஒரு பொருள், அதுக்கு அண்ணன் மாதிரி எத்தில் வெனிலின்னு ஒண்ணு இருக்கு, அது வெனிலினை விட ரெண்டு மூணு மடங்கு காரம். விலை கம்மியான கஸ்டர்ட் எசன்ஸ்ல அண்ணன்தான் நிறைய இருப்பாரு. கொஞ்சமா இருந்தா இனிப்பு மணம், அளவு தாண்டினா கசப்பு, தொண்டையில எரிச்சல். இதுல ஒரு பெரிய சிக்கல் என்னன்னா கசப்பு வந்ததும் எல்லாரும் சீனியைக் கூட்டுவாங்க, சீனி கூடினா கசப்பு மறையாது, திகட்டலும் கசப்பும் சேந்து வரும். அந்தக் கலவையை எடுத்து எசன்ஸ் இல்லாத பால் ரெண்டு மூணு மடங்கு சேத்து நீட்டுங்க, வேற வழி கிடையாது.

அளவு சரியா இருந்தும் மருந்து வாடை வந்தா தண்ணியை மோந்து பாருங்க. குழாய்த் தண்ணியில குளோரின் தூக்கலா இருக்குற நாள்ல வெனிலா மணத்தோட சேந்து ஆஸ்பத்திரி வாடை குடுக்கும். தண்ணியைக் கொதிக்க வச்சு, மூடாம ஆற விட்டு அப்புறம் எடுத்தா சரியாயிடும்.

ரெண்டும் இல்லைன்னா பாட்டில் லேபிளைப் பாருங்க. 14 இலக்க உணவு உரிம எண் இல்லாத பாட்டிலை நான் வீட்டுக்குள்ளயே விடமாட்டேன், கிலோ கணக்குல பெரிய கேன்ல வாங்கி சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுக்குறதையும் சேத்துதான் சொல்றேன். அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, நம்ம பிள்ளைங்கதான் சாப்பிடுது.

லேபிள் பாக்கும்போதே எதுல கரைச்சிருக்காங்கன்னும் பாத்துக்கங்க. ஆல்கஹால்ல கரைச்சதா, புரொப்பிலீன் கிளைக்கால்ல (எசன்ஸ் கரைக்க சேக்குற இன்னொரு திரவம்) கரைச்சதா, எண்ணெயிலயான்னு. நம்ம பக்கத்துல ஆல்கஹால் எசன்ஸ் வேண்டாம்னு கேக்குற வீடு நிறைய, கேட்டா நேரா சொல்லணும், "சூட்டுல பறந்துடும்"னு சமாளிக்கக் கூடாது, முழுசா பறக்குறதும் இல்ல. நான் கிளைக்கால் வகைதான் வாங்குறேன்.

"ஊத்தும்போது தெருவே மணக்குது, சாப்பிடும்போது ஒண்ணும் இல்ல"

தெரு மணந்துச்சுன்னா மணம் தெருவுக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம்.

இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா பாதிப் பிரச்சனை தீந்துடும். ஒரு கஸ்டர்ட் எசன்ஸ்ங்கிறது ஒரே பொருள் இல்ல, வெண்ணெய் மணம், முட்டைப்பால் மணம், வெனிலா, சீனி கருகின மணம் எல்லாம் சேந்த கூட்டு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சூட்டுல ஓடும். வெண்ணெய் மணம் குடுக்குற டையசிட்டைல் 88 டிகிரியிலயே கொதிக்கும், ஆல்கஹால் 78லயே, ஆனா வெனிலின் கொதிக்க 285 டிகிரி வேணும். பால் கொதிக்கிறது 100ஐ ஒட்டி. அப்ப கொதிக்கிற பால்ல ஊத்தினா என்ன நடக்கும்? வெண்ணெய் மணம் முதல்ல கிளம்பிடும், வெனிலா மட்டும் தங்கும். "கஸ்டர்ட்னு காசு குடுத்து வாங்கினேன், வெறும் வெனிலாதான் அடிக்குது, ஏமாத்திட்டாங்க"ன்னு சொல்றவங்க எல்லாருக்கும் நான் கேக்குற முதல் கேள்வி, எப்ப ஊத்துனீங்கங்கிறதுதான்.

கடப்பாசிக்கு இது ரொம்ப வசதி. பாசி கரையுறதுக்கு 85 டிகிரிக்கு மேல வேணும், ஆனா உறையுறது 40க்குக் கீழ வந்த பிறகுதான், இடையில அவ்வளவு நேரம் இருக்கு. லிட்டருக்கு 10 கிராம் பாசி போட்டு நல்லா கொதிக்க விட்டுக் கரைச்சு, அடுப்பை அணைச்சு, பாத்திரத்தோட வெளிப்பக்கம் கை வச்சா சுடுது ஆனா ரெண்டு மூணு விநாடி தாங்குதுன்னு ஆகுற வரைக்கும் காத்திருங்க, 55, 60 டிகிரி இருக்கும், அப்ப எசன்ஸை விட்டு ஒரு கிண்டு கிண்டி உடனே கப்புல ஊத்துங்க. மார்கழி மாசம் வாடைக்காத்து அடிக்கும்போது மட்டும் ஓரத்துல சீக்கிரம் உறைய ஆரம்பிக்கும், கிண்டிக்கிட்டே இருக்கணும். சோளமாவுல பண்ற கஸ்டர்ட் பவுடருக்கும் அப்படித்தான், கெட்டியான பிறகு இறக்கி வச்சு ஊத்துங்க.

கேக்குல அந்த வசதி இல்ல, மாவுலயேதான் கலந்தாகணும். அங்க எசன்ஸைத் தனியா மாவுல ஊத்தாம, முதல்லயே வெண்ணெயில ஊத்தி அடிங்க, கொழுப்பு மணத்தைப் பிடிச்சு வச்சுக்கும். கிளைக்கால் வகையும் அடுப்புல தாங்கும், அது கொதிக்க 188 டிகிரி ஆகும், கேக்கோட உள்பக்கம் 100ஐயே தாண்டுறதில்ல.

தொதல்ல எசன்ஸ் ஊத்துறீங்கன்னு கேள்விப்பட்டேன். மணிக்கணக்கா கிண்டுற பண்டம் அது, நடுவுல ஊத்தினா ஒரு துளி மிஞ்சாது, கடைசியில ஊத்தினா எண்ணெய் கக்குற நேரத்துல எண்ணெயோட போயிடும். தேங்காப்பாலும் கருப்பட்டியும் குடுக்காத மணத்தை பாட்டில் குடுக்காது. ஊத்தாதீங்க.

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் மாதிரி இருக்கு"

தேங்காய் எசன்ஸ். அந்த மணத்தைக் குடுக்குறது லாக்டோன்னு ஒரு வகை, தேங்காயிலயும் இயற்கையா லாக்டோன் உண்டு, இதே வகைதான் சோப்பு, கிரீம், ஹேர் ஆயில் எல்லாத்துலயும் வாசனைக்கு சேக்குறாங்க. நம்ம மூக்குக்கு அந்த மணம் சாப்பாட்டை விட குளியலறையைத்தான் முதல்ல ஞாபகப்படுத்தும். மத்த எசன்ஸ்ல பாதி அளவுல ஆரம்பிங்க. ஒரு சிட்டிகை உப்பு போட்டா சாப்பாட்டு ருசிப் பக்கம் திரும்பும். தேங்காப்பாலைக் குறைச்சு தண்ணியும் எசன்ஸும் கூட்டலாம்னு நினைச்சா நடக்காது, கொழுப்பு இல்லாம இந்த மணம் நிக்கிறதே இல்ல, மேல மேல தனியா அடிக்கும்.

"வாந்தி வாடை", "பொரிச்ச சோளம்", "பஞ்சு மிட்டாய்"

மூணையும் சேத்து சொல்லிடுறேன். சீஸ்கேக், பட்டர் எசன்ஸ்ல பியூட்டிரிக் அமிலம் இருக்கும், நெய் கெட்டா வர்ற வாடையும் அதுதான், வாந்தியில அடிக்கிறதும் அதுதான், துளியூண்டு இருந்தா வெண்ணெய், கொஞ்சம் கூடினா யாரும் கிட்ட வரமாட்டாங்க. பிஸ்கட், நட்ஸ், குக்கீஸ் வகையில பைரசீன் இருக்கும், கூடினா வறுத்த சோளம் பொரி வாடை. கேரமல், பட்டர்ஸ்காட்ச்ல எத்தில் மால்ட்டால், சந்தனக்கூடு சமயத்துல ஏர்வாடியில பஞ்சு மிட்டாய் வண்டி பக்கத்துல நின்னா வர்ற அதே மணம். இந்த மால்ட்டால் கூடினா இன்னொரு வேலை பண்ணும், கூட இருக்குற மத்த மணத்தையெல்லாம் அமுக்கிடும், அதனால "ருசி மங்கலா இருக்கு"ன்னு இன்னும் ஊத்துவீங்க, இன்னும் மங்கும். மங்கலா இருந்தா கூட்டாதீங்க, பாதியாக் குறைச்சுப் பாருங்க. நான் முதல் தடவை நம்பல, நாலு டம்ளர் வச்சுப் பாத்த பிறகுதான் நம்பினேன்.

"புட்டிங்ல கருவாட்டு வாடை"

சிரிக்கிற விஷயமில்ல, ஆர்டர் போயிடும். நம்ம ஊரு பிரிட்ஜ்ல மேல தட்டுல புட்டிங்கும் கீழ நேத்து வந்த மீனும், கதவுல கருவாட்டுப் பொட்டலமும் இருக்குறது சாதாரணம். பால், கிரீம், தேங்காப்பால், வெண்ணெய் எல்லாமே கொழுப்பு, கொழுப்பு பக்கத்துல இருக்குற வாடையை இழுத்துக்கும். வீட்டுக்காரங்களுக்கு மூக்கு பழகிப் போயிருக்கும், தெரியாது, வாங்குனவங்களுக்குத் தெரியும். அதை மறைக்கன்னு எசன்ஸைக் கூட்டினா மீனும் வெனிலாவும் சேந்து இன்னும் கேவலமாகும்.

கண்டுபிடிக்கிறது சுலபம். எசன்ஸ் இல்லாத வெறும் பாலை ஒரு டம்ளர்ல மூடாம ராத்திரி பிரிட்ஜ்ல வைங்க, இன்னொரு டம்ளரை இறுக்கமா மூடி வைங்க. காலைல வெளிய முத்தத்துல நின்னு ரெண்டையும் மோந்து பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா எசன்ஸை விட்டுடுங்க, பிரிட்ஜைக் காலி பண்ணுங்க. நான் கடன் வாங்கித்தான் ரெண்டாவதா ஒரு சின்ன பிரிட்ஜ் வாங்கினேன், அதுல மீன் ஏறவே கூடாதுன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன், தொழிலுக்கு நான் செலவழிச்சதுல இதுதான் உருப்படியான செலவு.

"கடல் வாடை வருது, ஆனா மீன் வாடை இல்ல"

அது பாசி வாடை. கடையில பாக்கெட்ல வர்ற பாசியில அவ்வளவா இருக்காது. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பொம்பளைங்க கடல்ல முங்கி எடுக்குற மரிக்கொழுந்து பாசியைக் காய்ச்சித்தான் அகர் எடுக்குறாங்க, அந்தப் பாசியை யாராவது காய வச்சுக் குடுத்து நீங்க வீட்டுலயே காய்ச்சுனா வெயில்ல வெளுக்க வச்சு, நல்ல தண்ணியில பல தடவை அலசி, மறுபடி காய வச்சு, இப்படி வெள்ளையாகுற வரைக்கும் செஞ்சாதான் வாடை போகும். அவசரத்துக்கு ரோஸ் எசன்ஸ் ஊத்தி மறைக்கப் பாக்காதீங்க. ரம்பை இலை ரெண்டு முடிச்சு போட்டுப் பால்ல கொதிக்க விட்டா அந்த வாடை நல்லாவே அடங்கும். பாசுமதி அரிசியில வர்ற அதே மணப்பொருள்தான் ரம்பையிலயும் இருக்கு, கஸ்டர்டோட சண்டை போடாது.

"ராம்நாடுல பண்ணா நல்லா வருது, ஊருல பண்ணா சப்புன்னு இருக்கு"

என் மச்சி ராமநாதபுரத்துல இருக்கா, அதே பாட்டில், அதே சிரிஞ்ச், அவ வீட்டுல பண்ண கடப்பாசி பிரமாதம், இங்க நான் பண்ணது ஒரு மாதிரி. ரெண்டு பேரும் போன்ல அரை மணி நேரம் ஒவ்வொண்ணா சொல்லிப் பாத்தோம், சீனி ஒண்ணு, பாசி ஒண்ணு, கடைசியில தண்ணி. அவ காவிரித் தண்ணியில பண்றா, அன்னைக்கு எங்க தெருவுக்குக் காவிரி வரல, நான் போர் தண்ணி எடுத்திருந்தேன். கடற்கரை ஓரத்து ஊர்ல போர் தண்ணி உப்பு, நாக்குக்குப் பழகிட்டதால குடிக்கும்போது தெரியாது, ஆனா ஒரு சிட்டிகை உப்பு இனிப்பைத் தூக்கும், அதுக்கு மேல போனா இனிப்பையே மாத்திடும். இனிப்பு மாறுனா வெனிலாவும் கஸ்டர்டும் நாக்குல பாதியாத் தெரியும், ஏன்னா அந்த மணத்தை நம்ம மூளை இனிப்போட சேத்துத்தான் படிச்சு வச்சிருக்கு. கேன் தண்ணியில ஒரு தடவை பண்ணிப் பாருங்க, வித்தியாசம் தெரிஞ்சா எசன்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்ல.

பால்பவுடர்ல பண்றவங்களும் (வெளிநாட்டுல இருந்து டின் வர்ற வீடுங்க) இதையே பாக்கணும், அதுல முழுக்க முழுக்க தண்ணி உங்க தண்ணிதான்.

"எசன்ஸ் ஊத்தினதும் பால் திரிஞ்சு போச்சு"

எசன்ஸால திரியறது அபூர்வம். கருப்பட்டி போட்டீங்களா? கருப்பட்டியில புளிப்பு உண்டு, கொதிக்கிற பால்ல போட்டா திரியும். கருப்பட்டியைத் தனியாப் பாகு காய்ச்சி, வடிகட்டி, பாலும் பாகும் ரெண்டும் ஆறின பிறகு சேருங்க. வட்டலப்பத்துக்கு நான் எசன்ஸே சேக்குறதில்ல, ஏலக்காய் போதும். சாயல்குடி பக்கத்துல இருந்து வர்ற நல்ல பனங்கருப்பட்டியில இருக்குற புகை மணத்தைக் கேரமல் எசன்ஸ் ஊத்தி மூடுறது எனக்கு மனசு ஒப்பல.

"மேல எண்ணெய்க் கண்ணு மிதக்குது"

எண்ணெயில கரைச்ச எசன்ஸை கடப்பாசியில ஊத்தியிருக்கீங்க. அது சாக்லேட்டுக்கும் வெண்ணெய்க்கும். தண்ணிப் பண்டத்துக்கு தண்ணியில கரையுற வகை.

"சூடா இருக்கும்போது சரி, ஐஸ்கிரீமா உறைஞ்சதும் ஒண்ணும் தெரியல"

குளிர்ச்சியில மணம் கிளம்பாது, நாக்கும் இனிப்பைக் கம்மியாத்தான் உணரும். அதனால குல்ஃபி, ஐஸ்கிரீம் கலவையை உறைய வைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாத்தா கொஞ்சம் தூக்கலா, கொஞ்சம் திகட்டலா இருக்கணும். எவ்வளவு தூக்கல்னு தெரியணும்னா மூணு சின்னக் கிண்ணத்துல மூணு அளவுல கலந்து உறைய வச்சு அப்படியே எடுத்துப் பாருங்க, சூட்டுல பாத்துக் கணக்குப் போடுற வேலை வேண்டாம்.

"புதுசு பழசை விட நல்லாயிருக்கா, எனக்கே தெரியல"

கூடுதல் விலை குடுத்து வாங்குனது நல்லாயிருக்குன்னு மனசு சொல்லும், அது நாக்கு சொல்றதில்ல. மூணு கப் வைங்க, ரெண்டுல ஒரே எசன்ஸ், ஒண்ணுல மட்டும் மத்தது. எது எதுன்னு தெரியாத ஒருத்தர்கிட்ட "எது தனி"ன்னு மட்டும் கேளுங்க, எது நல்லதுன்னு கேக்காதீங்க. குருட்டாம்போக்குல சொன்னாலும் மூணுல ஒரு தடவை சரியா வந்துடும், அதனால கப்பை இடம் மாத்தி மூணு தடவை செய்யுங்க, மூணும் சரியாச் சொன்னா குருட்டடியா இருக்க வாய்ப்பு 27ல ஒண்ணுதான். உம்மாதான் எங்க வீட்டு நாக்கு. 180 ரூபா பாட்டிலுக்கும் 60 ரூபா பாட்டிலுக்கும் அவங்களால வித்தியாசமே சொல்ல முடியாத நாள் ஒண்ணு உண்டு, அன்னையில இருந்து நான் 60 ரூபா பாட்டில்தான்.

"லாத்தா, இதை வேப்ல ஊத்தி இழுக்கலாமா?"

எங்க தெருவுல ஒரு தம்பி கேட்டான், வெளிநாட்டுல இருந்து வந்த யாரோ வேப் கருவி, அதான் இ-சிகரெட், குடுத்தாங்களாம், கஸ்டர்ட் பிளேவர் கலந்து வீட்டுலயே திரவம் பண்ணலாம்னு எங்கயோ பாத்திருக்கான், என்கிட்ட இருக்குற கான்சன்ட்ரேட் ஆகுமான்னு. எவ்வளவு சதவீதம் ஊத்தணும்னு வேற. நான் அவனை உக்கார வச்சு சொன்னதை அப்படியே இங்கயும் சொல்றேன்.

சாப்பிட்டா வயித்துக்குப் போறது வேற, இழுத்தா நுரையீரலுக்குப் போறது வேற. மேல சொன்னேன்ல, வெண்ணெய் மணம் குடுக்குற டையசிட்டைல், அதை சாப்பாட்டுல சேக்கலாம், ஆனா 2000ல அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல மைக்ரோவேவ் பாப்கார்ன் பண்ற ஆலையில வேலை பாத்த 8 பேருக்கு நுரையீரலோட சின்னக் குழாயெல்லாம் தழும்பாகி அடைச்சுப்போற நோய் வந்திருக்குன்னு தெரிய வந்துச்சு, அவங்க அந்த வெண்ணெய் பிளேவரோட ஆவியை நாள் முழுக்க சுவாசிச்சவங்க. அந்தத் தழும்பு திரும்ப சரியாகாது. பாட்டில்ல சாப்பாட்டுக்கு உகந்ததுன்னு போட்டிருக்குறதுக்கும் சுவாசிக்க உகந்ததுங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. எண்ணெயில கரைச்ச எசன்ஸா இருந்தா இன்னும் மோசம், நுரையீரலுக்குள்ள எண்ணெய் போறது. அதுவும் போக இந்தியாவுல 2019 சட்டப்படி இ-சிகரெட் தயாரிக்கிறது, விக்கிறது, இறக்குமதி பண்றது எல்லாமே தடை, முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சரி லாத்தா, அப்ப ஒரு கப் கடப்பாசி குடுங்க"ன்னான். குடுத்தேன். உங்க வீட்டுல பிள்ளைங்க எசன்ஸ் பாட்டிலைத் தேடினா என்னத்துக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

"போன மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப அதே பாட்டில் சரியில்ல"

நம்ம ஊரு சித்திரை வெயில்ல அடுப்படி அலமாரி எவ்வளவு சூடாகும்னு உங்களுக்கே தெரியும். சூடு, வெளிச்சம், காத்து மூணும் எசன்ஸுக்கு ஆகாது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைதான் முதல்ல போகும், பெயின்ட்ல ஊத்துற டர்பன்டைன் மாதிரி அடிக்க ஆரம்பிச்சா கீழ ஊத்திடுங்க. வெனிலா வகை நிறம் கறுத்தாலும் மணம் சரியா இருந்தா பயமில்ல. பாட்டில் அடியில வெள்ளையா ஊசி ஊசியாப் படிஞ்சிருந்தா அது வெனிலின் பிரிஞ்சு நிக்கிறது, அப்படியே மேலாப்புல ஊத்தினா ருசி மங்கும், அடி பாட்டிலுக்கு வரும்போது கசக்கும். வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிக்க வச்சு நல்லாக் குலுக்கினா கரைஞ்சுடும்.

பிளாஸ்டிக் பாட்டில்ல மாத்தி வைக்காதீங்க, மணத்தைப் பிளாஸ்டிக் குடிச்சுடும், முன்னாடி அதுல இருந்ததோட வாடையும் ஏறும். பழுப்பு நிற கண்ணாடி பாட்டில், இருட்டான பெட்டி, அடுப்புல இருந்து தள்ளி. பாட்டில்ல திறந்த தேதியை ஒட்டி எழுதி வைங்க, கூடவே உங்க பால் சோதனையில எந்த அளவு சரியா வந்துச்சோ அந்த மில்லியையும் எழுதிடுங்க. என் பெட்டியில இப்ப இருக்குற அந்தக் கஸ்டர்ட் கான்சன்ட்ரேட் மேல "லிட்டருக்கு 0.5, அணைச்ச பிறகு"ன்னு எழுதியிருக்கு.